சாய்ந்த கப்பலும் அறுந்த வடமும்

ஃப்ளையிங் என்டர்பிரைஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1952 ஜனவரி 10 அன்று மாலை நான்கு மணியைத் தாண்டியதும் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதற்கு முந்தைய நாட்களில் ஐரோப்பிய, அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தை அந்தக் கப்பல்தான் பிடித்திருந்தது. பயணிகளும் மாலுமிகளும் வெளியேறிய பிறகும் அதன் கேப்டன் ஹென்றிக் குர்ட் கார்ல்சன் ஏறக்குறையப் பக்கவாட்டில் படுத்துவிட்ட கப்பலில் தனியாகத் தங்கியிருந்தார். கப்பலைக் கரைசேர்க்க வந்த பிரிட்டிஷ் இழுவைக் கப்பலின் பெயர் டர்மாயில். அதன் கேப்டன் டான் பார்க்கர். துறைமுகம் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் இழுவடம் அறுந்தது. அதன் பின் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த நிகழ்ச்சியைச் சுற்றி மூன்று கேள்விகள் எழுந்தன. அந்தக் கேள்விகள் எழுபது ஆண்டுகளாகியும் ஓயவில்லை. அந்த மனிதர் ஏன் இறங்க மறுத்தார்? வலிமையான இழுவைக் கப்பல் வந்த பிறகும் கப்பல் ஏன் தப்பவில்லை? சரக்கறையில் பட்டியலில் இல்லாத ஏதாவது இருந்ததா? மூன்றாவது கேள்விதான் அதிகம் பேசப்பட்டது. முதல் இரண்டுக்கும் எஃகின் இயல்பு, மிதக்கும் பொருளின் சமநிலை, வடத்தின் இழுவிசை, கடல் மீட்புச் சட்டம் ஆகிய நான்கிலும் தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையைப் புரிந்துகொண்ட பிறகு மூன்றாவது கேள்வியை எடைபோடுவதே முறை.

ஃப்ளையிங் என்டர்பிரைஸ் போர்க்காலத்தில் பிறந்த கப்பல். 1944-ல் கலிபோர்னியாவின் வில்மிங்டனில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 121 மீட்டர், மொத்தக் கொள்ளளவு 6,711 டன். போருக்குப் பின் 1947-ல் நியூயார்க்கின் இஸ்பிராண்ட்சன் நிறுவனம் அதை வாங்கியது. 1951 டிசம்பர் 21 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்டது. சரக்கறையில் 1,270 டன் கச்சா இரும்புப் பாளங்கள், 486 டன் காபிக்கொட்டை, கந்தல் துணி, நாஃப்தலீன், தட்டச்சுப் பொறிகள், பழைய இசைக்கருவிகள், 12 ஃபோக்ஸ்வேகன் கார்கள் ஆகியவை இருந்தன. 10 பயணிகளும் 40 மாலுமிகளும் ஏறியிருந்தார்கள். கார்ல்சன் டென்மார்க்கில் பிறந்தவர், வயது 37.

கிறிஸ்துமஸ் இரவில் ஆங்கிலக் கால்வாயின் மேற்கு வாயிலில் புயல் பிடித்துக்கொண்டது. டிசம்பர் 27 அன்று பீரங்கி வெடித்தது போன்ற ஓசையுடன் கப்பலின் மேல்தளம் குறுக்கே பிளந்தது. பிளவு இருபக்க உடற்சுவரிலும் கீழிறங்கியது. மாலுமிகள் எஃகு வடங்களைக் குறுக்கே கட்டி முறுக்கி, பிளவில் சிமென்ட் பூசி, கப்பல் மேலும் விரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

எஃகு ஏன் இப்படி வெடிக்கிறது என்பதை அறிவியல் அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஆயிரக்கணக்கான கப்பல்களை அவசரமாகக் கட்டியது. தகடுகளை ஆணியடித்து இணைக்கும் பழைய முறைக்குப் பதிலாக அவற்றைப் பற்றவைத்தார்கள். வேலை வேகமாக முடிந்தது. ஆனால் 1943 ஜனவரியில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில், அலையே இல்லாத துறையில் கட்டி நிறுத்தப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் திடீரென்று நடுவில் முறிந்தது. முதலில் பழி பற்றவைப்பவர்கள் மீதுதான் விழுந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் நடத்திய ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. அக்காலத்து எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் வளையும் தன்மையை இழந்து நொறுங்கும் தன்மைக்கு மாறியது. கதவு மூலையோ, சரக்குவாய்ச் சட்டத்தின் கூரிய முனையோ, பற்றவைப்பில் விழுந்த சிறு குறையோ பிளவுக்குத் தொடக்கப் புள்ளியாக அமைந்தது. ஆணியடித்த கப்பலில் பிளவு ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலில் மொத்த உடலும் ஒரே தகடு போலாகிவிடுவதால் பிளவு தடையின்றி ஓடும். குளிர்கால வட அட்லாண்டிக்கில், பேரலையின் முதுகில் நடுப்பகுதியும் பள்ளத்தில் இரு முனைகளுமாகக் கப்பல் மாறிமாறி வளைக்கப்படும்போது மேல்தள எஃகு மிகுந்த இழுவிசைக்கு ஆளாகிறது. 1944-ல் பற்றவைத்துக் கட்டிய கப்பலுக்கு டிசம்பர் 27 அன்று நேர்ந்தது இந்த வகை முறிவு.

அடுத்த நாள் இன்னொரு பேரலை கப்பலை இடப்புறமாகச் சாய்த்தது. சாய்ந்த கப்பல் நிமிரவில்லை. உள்ளே சரக்கு இடம் மாறிவிட்டிருந்தது.

கப்பல் மிதந்து நிற்பது இரண்டு விசைகளின் சமநிலை. கப்பலின் எடை அதன் ஈர்ப்பு மையத்தின் வழியாகக் கீழ்நோக்கி இயங்குகிறது. நீர் தரும் மிதப்பு விசை, மூழ்கிய பகுதியின் மையத்தின் வழியாக மேல்நோக்கித் தள்ளுகிறது. அலை கப்பலைச் சாய்த்தால் மூழ்கிய பகுதியின் வடிவம் மாறி, மிதப்பு விசையின் மையம் சாய்ந்த பக்கத்துக்கு நகரும். எடை பழைய கோட்டிலேயே இருப்பதால் இரண்டு விசைகளும் சேர்ந்து கப்பலைத் திருப்பி நிமிர்த்தும். நிமிர்த்தும் ஆற்றலைக் கடலோடிகள் மெட்டாசென்டர் உயரம் என்ற அளவால் குறிக்கிறார்கள். சரக்குக் கப்பல்களில் அது பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும்.

இந்த ஏற்பாடு முழுவதும் எடை நகராது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. உதாரணமாக 10,000 டன் எடையுள்ள கப்பலில் 1,000 டன் சரக்கு மூன்று மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், மொத்தக் கப்பலின் ஈர்ப்பு மையம் 30 சென்டிமீட்டர் நகரும். மெட்டாசென்டர் உயரம் அரை மீட்டர் என்றால், கப்பல் ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்த நிலையில்தான் புதிய சமநிலையை அடையும். அதற்கு மேல் நிமிர எந்த விசையும் இல்லை. ஒவ்வோர் அலையும் கப்பலை அந்தப் புதிய நிலையிலிருந்தே ஆட்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் இன்னும் கொஞ்சம் சரக்கு சரியும். பிளவின் வழியாக நீர் புகுந்தால் நிலைமை மேலும் மோசமாகும். தட்டில் நீரை ஏந்தி நடப்பவருக்குத் தெரியும், தட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே நீர் முழுவதும் ஓடும். கப்பலுக்குள் புகுந்த நீரும் சாய்வு இருக்கும் பக்கத்துக்கே ஓடி, நிமிர்த்தும் ஆற்றலைத் தின்றுவிடுகிறது.

ஃப்ளையிங் என்டர்பிரைஸின் சாய்வு 45 டிகிரியை எட்டியது. நீராவிச் சுழலி இயந்திரத்துக்குத் தொடர்ந்து மசகெண்ணெய் வேண்டும். எண்ணெய்த் தொட்டி அந்த அளவு சாய்ந்தால், உறிஞ்சும் குழாயின் வாய் எண்ணெயை விட்டு மேலே வந்துவிடும். இயந்திரம் நின்றது, மின்சாரமும் நின்றது. கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டுக்கு மேற்கே கிட்டத்தட்ட 400 மைல் தொலைவில் அலையின் போக்கில் மிதக்கத் தொடங்கியது. டிசம்பர் 28 அன்று அபாயச் செய்தி ஒலிபரப்பானது.

மறுநாள் ஷெர்போர்ன், சவுத்லண்ட், அமெரிக்கத் துருப்புக் கப்பலான ஜெனரல் கிரீலி ஆகிய கப்பல்கள் வந்து சேர்ந்தன. சாய்ந்த கப்பலின் உயிர்காப்புப் படகுகளை இறக்க வழியில்லை. உயர்ந்த பக்கத்தில் இருந்தவை உடற்சுவரில் மோதும், தாழ்ந்த பக்கத்தில் இருந்தவை நீருக்குள் கிடந்தன. ஆகவே பயணிகள் ஒவ்வொருவராகக் கடலில் குதிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பயணியோடும் ஒரு மாலுமி குதித்தார், நீரில் அவரைப் பிடித்துக்கொண்டு மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். பயணி ஒருவர் உயிரிழந்தார். மற்ற அனைவரும் மீண்டார்கள். கேப்டன் மட்டும் குதிக்கவில்லை. இழுவைக் கப்பல் வரும்வரை இருப்பேன் என்று தெரிவித்துவிட்டார்.

அடுத்த நாட்களை அவர் கழித்த விதம் பதிவாகியுள்ளது. ஒரு கால் தரையிலும் ஒரு கால் சுவரிலுமாக நடந்தார். தரையும் சுவரும் சந்திக்கும் மூலையில் மெத்தையைச் செருகிப் படுத்தார். கிடைத்த கேக்கைத் தின்றார். அவர் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர். கப்பலின் வானொலி செயலிழந்த பிறகு, தன் சொந்தக் கருவியை பேட்டரியில் இணைத்து அருகில் நின்ற கப்பல்களோடு பேசினார். ஜனவரி 2 அன்று ஜான் டபிள்யூ. வீக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து காவல் நின்றது. அதிலிருந்து கயிறு வழியாக அவருக்கு உணவும் சூடான காபியும் போயின.

அவர் ஏன் இறங்கவில்லை என்பதற்கு அக்காலத்திலேயே ஒரு விளக்கம் பரவியது, இன்றும் பலர் அதையே நம்புகிறார்கள். கேப்டன் இறங்கிவிட்டால் கப்பல் கேட்பாரற்றதாகிவிடும், முதலில் ஏறுபவருக்கே அது சொந்தமாகிவிடும் என்பது அந்த விளக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கைவிடப்பட்ட கப்பலின் உரிமை உரிமையாளரிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோதான் இருக்கும். அதை மீட்பவருக்குக் கிடைப்பது ஊதியம் மட்டுமே. 1872 டிசம்பரில் அட்லாண்டிக்கில் ஆளில்லாமல் மிதந்த மேரி செலஸ்ட் கப்பலை டெய் கிரேசியா கப்பலின் மாலுமிகள் ஜிப்ரால்டருக்கு ஓட்டிச் சென்றார்கள். அவர்களுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. நீதிமன்றம் 1,700 பவுண்டு ஊதியம் அளித்தது. கப்பல், சரக்கு இரண்டின் மதிப்பில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால் ஆளில்லாக் கப்பலுக்கும் ஆள் இருக்கும் கப்பலுக்கும் சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. திரும்பும் எண்ணமின்றி மாலுமிகள் விட்டுச் சென்ற கப்பலை முதலில் கைப்பற்றிய மீட்பாளர், அதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கி வைக்கலாம். அத்தகைய கப்பலுக்கு நீதிமன்றங்கள் தரும் ஊதியமும் பொதுவாகக் கூடுதல். கேப்டன் கப்பலில் இருந்தால் யாரை அழைப்பது, எந்த நிபந்தனையில் அழைப்பது என்பதை அவரே உரிமையாளர் சார்பில் முடிவு செய்யலாம்.

இந்தத் தொழிலின் நிபந்தனைகள் வேறெந்தத் தொழிலிலும் காண முடியாதவை. லாயிட்ஸ் திறந்த படிவம் என்ற ஒப்பந்தம் 1908 முதல் வழக்கில் இருக்கிறது. காப்பாற்றாவிட்டால் காசில்லை என்பதே அதன் அடிப்படை. தொகை முன்கூட்டிப் பேசப்படுவதில்லை. கப்பல் கரைசேர்ந்த பிறகு லண்டனில் நடுவர் ஒருவர் அமர்ந்து, ஆபத்து எவ்வளவு, மீட்பாளர் காட்டிய திறமை எவ்வளவு, அவர் பணயம் வைத்த கருவிகளின் மதிப்பு என்ன, மீண்ட சொத்தின் மதிப்பு என்ன என்று பார்த்துத் தொகையை முடிவு செய்வார். மீண்ட சொத்தின் மதிப்புக்கு மேல் ஊதியம் போகாது. கப்பல் மூழ்கினால் பத்து நாள் உழைப்பும் எரிபொருளும் அறுந்த வடமும் மீட்பாளரின் நட்டக் கணக்கு. இன்னொரு விதி கேட்பவருக்கு மனதை உறுத்தும். உயிரைக் காப்பாற்றுவதற்கு மரபுச் சட்டத்தில் ஊதியமே இல்லை, சொத்தைக் காப்பாற்றுவதற்கே உண்டு. பயணிகளுக்காகக் கடலில் குதித்த மாலுமிகளும், படகை இறக்கிய கப்பல்களும் அந்த வேலைக்குக் காசு கேட்க முடியாது. உயிர்காப்பது கடலில் கடமை என்பதே சட்டத்தின் நிலைப்பாடு.

டான் பார்க்கரின் டர்மாயில், இப்படிப்பட்ட தொழிலுக்கெனவே பொருத்தமான கப்பல். 1945-ல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் ஹென்றி ராப் நிறுவனம் அதைக் கட்டியது. நீளம் சுமார் 62 மீட்டர், டீசல் இயந்திரங்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் கொண்டவை. அந்நாளில் உலகின் வலிமையான பெருங்கடல் இழுவைக் கப்பல்களில் அது ஒன்று. லண்டனின் ஓவர்சீஸ் டோவேஜ் அண்ட் சால்வேஜ் நிறுவனம் அதை இயக்கியது. அக்காலத்தில் மீட்பு இழுவைக் கப்பல்கள் வேலை தேடித் துறைமுகத்துக்குத் துறைமுகம் அலையவில்லை. புயல் வழியில் ஏதேனும் ஒரு துறையில் நங்கூரமிட்டு, இரவும் பகலும் வானொலியைக் கேட்டபடி காத்திருந்தன. அபாய அழைப்பு வந்ததும் புறப்பட்டன. கார்ல்சனின் அழைப்பு வந்தபோது டர்மாயில் வேறொரு வேலையில் இருந்தது. மாக்ட்ரா என்ற எண்ணெய்க் கப்பலை இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகே அதனால் மேற்கே திரும்ப முடிந்தது. ஜனவரி 3 இரவு, போர்க்கப்பலின் தேடுவிளக்கு ஒளியைப் பின்பற்றி அது கார்ல்சனிடம் போய்ச் சேர்ந்தது. சாய்வு அதற்குள் 60 டிகிரியை எட்டியிருந்தது.

இழுவடத்தைப் பூட்டுவதில்தான் கார்ல்சன் தங்கியதன் காரணம் வெளிப்படுகிறது. இழுவைக் கப்பலின் எஃகு வடத்தை நேரே வீசியெறிய முடியாது, அதன் எடை அப்படி. முதலில் விரல் பருமன்கூட இல்லாத எறிகயிறு வீசப்படும். அதன் நுனியில் சற்றுத் தடித்த கயிறு, அதன் நுனியில் இன்னும் தடித்தது, கடைசியில் எஃகு வடம். வழக்கமாக எதிர்க் கப்பலின் பாரந்தூக்கி இயந்திரம் அதைச் சுருட்டி இழுக்கும். மின்சாரமும் நீராவியும் இல்லாத கப்பலில் மனிதக் கைகள்தான் இழுக்க வேண்டும். கார்ல்சனுக்கு இருந்தவை இரண்டு கைகள். 60 டிகிரி சாய்ந்து, அலையோடு ஆடிக்கொண்டிருந்த வழுக்கும் தளத்தில் ஒரு கை கம்பியைப் பிடித்துக்கொள்ளவே வேண்டியிருந்தது. பார்க்கர் எறிகயிற்றைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். தனி ஆளால் அதை இழுத்துக் கட்ட முடியவில்லை.

ஜனவரி 4 அன்று பார்க்கர் தன் கப்பலை ஃப்ளையிங் என்டர்பிரைஸின் பின்பகுதிக்கு மிக அருகில் கொண்டுசென்றார். ஆயிரக்கணக்கான டன் எஃகு ஏறி இறங்கும் இடத்தில் அப்படி நெருங்குவது தன் கப்பலையே பணயம் வைக்கும் செயல். இரண்டும் உரசும் தொலைவுக்கு வந்த கணத்தில் டர்மாயிலின் துணை அதிகாரியான (மேட்) 27 வயது கென்னத் டான்சி சாய்ந்த கப்பலின் கம்பியைத் தாவிப் பிடித்தார். அதன் பிறகு கப்பலில் நான்கு கைகள். மறுநாள் வடம் பூட்டப்பட்டது. இந்த ஒரு நாள் வேறுபாடே கார்ல்சனின் பிடிவாதத்துக்குப் போதுமான விளக்கம். முழுவதும் ஆளற்ற கப்பலில் வடத்தை வாங்கிக் கட்ட யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்தப் புயலில் வெளியிலிருந்து முதல் ஆள் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதை டான்சியின் தாவலே காட்டுகிறது.

கப்பலை இழுத்துச் சேர்க்க வேண்டிய ஃபால்மத் அங்கிருந்து ஏறத்தாழ 300 கடல் மைல். மணிக்கு மூன்று கடல் மைல் வேகத்தில் போனால் நூறு மணி நேரம், அதாவது நான்கு நாளுக்குச் சற்று மேல். வேகத்தைக் கூட்டினால் என்ன என்ற கேள்வி எழும். இழுவடத்தின் இயல்பு அதற்கு இடம் தராது.

கடலில் இழுக்கும்போது வடம் நேர்கோடாக இருப்பதில்லை. தன் எடையால் நடுவில் தொங்கி, நீருக்குள் ஆழமான வளைவாகக் கிடக்கும். அலை இரண்டு கப்பல்களையும் வெவ்வேறு நேரத்தில் முன்னும் பின்னும் தள்ளும்போது, அந்த வளைவு சற்று நிமிர்ந்தும் சற்று தாழ்ந்தும் அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும். நீளமும் எடையும் கூடுதலாக இருந்தால் உள்வாங்கும் ஆற்றலும் கூடும். வேகத்தைக் கூட்டினால் வளைவு நிமிர்ந்துவிடும். அதன் பின் வரும் அலையின் முழு உதையும் எஃகின் மீதே விழும். ஒரே அலையில் இழுவிசை சாதாரண அளவின் பல மடங்குக்குப் போய்விடும். ஆழம் குறைந்த கரையோரக் கடலில் வடம் தரையில் உராயாமல் இருக்க அதன் நீளத்தைக் குறைக்க வேண்டிவரும். அப்போதும் அதிர்ச்சியைத் தாங்கும் வளைவு சுருங்கிவிடும். பெரும்பாலான இழுவைகள் நடுக்கடலில் தாக்குப்பிடித்துக் கரையோரத்தில் அறுந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் தேய்மானம். கப்பலின் விளிம்பில் வடம் தொடும் இடத்தில், ஒவ்வோர் அலைக்கும் அது சில அங்குலம் முன்னும் பின்னும் அறுக்கும். நாள் முழுக்க, இரவு முழுக்க. மாலுமிகள் அந்த இடத்தில் கிரீஸ் தடவுவதும், வடத்தை அவ்வப்போது சற்று நகர்த்தித் தேய்ந்த பகுதியை மாற்றுவதும் வழக்கம். உணவும் உறக்கமும் சரியாக இல்லாத இரண்டு பேர் 60 டிகிரி சாய்வில் அதைச் செய்ய வேண்டியிருந்தது. சாய்ந்த கப்பல் நேராகவும் வராது. நீருக்கடியில் உள்ள உடல் ஒருபக்கமாகப் பருத்திருப்பதால், இழுக்கும் திசையை விட்டு ஒரு பக்கமாக விலகி விலகி ஓடும். ஒவ்வொரு விலகலின் முடிவிலும் வடம் வெட்டி இழுக்கப்படும்.

இழுவைக் கப்பலுக்கும் இதில் ஆபத்து உண்டு. அதன் கொக்கி பின்பகுதியில் இல்லாமல் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். அப்படி இருந்தால்தான் வடம் பூட்டிய நிலையிலும் கப்பலைத் திருப்ப முடியும். அதே அமைப்பால், இழுக்கப்படும் கப்பல் திடீரென்று பக்கவாட்டில் ஓடினால் வடம் இழுவைக் கப்பலைக் குறுக்கே இழுத்துக் கவிழ்த்துவிடலாம். நல்ல இழுவைக் கேப்டன் வேகத்தைவிட வடத்தின் கோணத்தையே அதிகம் கவனிப்பார். பார்க்கர் மெதுவாகச் சென்றதைக் குறை சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

நான்கு நாள் வானிலை ஓரளவு இரங்கியது. பிறகு புயல் திரும்பி வந்தது. ஃபால்மத்துக்குச் சில பத்து மைல் தொலைவில் வடம் அறுந்தது. மற்ற இழுவைக் கப்பல்களும் உதவிக்கு வந்தன. அந்தக் கடலில் மீண்டும் வடம் பூட்ட யாராலும் முடியவில்லை. ஜனவரி 10 அன்று கப்பல் முழுவதுமாகப் படுத்தது, புகைபோக்கி ஏறத்தாழக் கிடைமட்டமானது. கார்ல்சனும் டான்சியும் அந்தப் புகைபோக்கியின் மேல் நடந்து சென்று கடலில் குதித்தார்கள். சில நிமிடங்களில் டர்மாயில் அவர்களைத் தூக்கிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்குள் கப்பல் மறைந்தது. சுற்றி நின்ற கப்பல்கள் சங்கு ஊதி விடைகொடுத்தன.

காப்பாற்றாவிட்டால் காசில்லை என்ற விதியின் கொடுமை, கால் நூற்றாண்டுக்குப் பிறகு வேறொரு வடிவில் வெளிப்பட்டது. 1978 மார்ச் 16 காலை, பிரான்ஸின் பிரிட்டனி கரைக்கு அப்பால் அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் சுக்கான் பழுதானது. பசிபிக் என்ற ஜெர்மன் இழுவைக் கப்பல் நண்பகலில் வந்து சேர்ந்தது. அதன் கேப்டன் லாயிட்ஸ் படிவத்தைக் கேட்டார். எண்ணெய்க் கப்பலின் தரப்பு சாதாரண இழுவைக் கட்டணத்தில் முடிக்கப் பார்த்தது. இந்தப் பேரம் பின்னாளில் பெரிய பழிச்சொல்லானது. உண்மையில் பேரம் நடக்கும்போதே முதல் வடம் பூட்டப்பட்டுவிட்டது. அது மாலை நான்கு மணியளவில் அறுந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கப்பல் போர்ட்சால் பாறைகளில் ஏறி, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. மூழ்கிவிடும் என்று தெரிந்த கப்பலை விட்டு மீட்பாளர் விலகினால் அவருக்கு நட்டமில்லை, கடற்கரைக்குத்தான் நட்டம் என்பது அதன் பிறகு உறைத்தது. 1989-ன் சர்வதேசக் கடல் மீட்பு ஒப்பந்தம், கப்பல் தப்பாவிட்டாலும் சுற்றுச்சூழலைக் காக்க முயன்ற மீட்பாளருக்குச் செலவுத்தொகை தர வழி செய்தது. இலங்கைக் கரையில் 2021-ல் தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ல், ஆழ்கடலுக்கு இழுக்கப்பட்டபோது பின்பகுதி தரைதட்டி மூழ்கத் தொடங்கியது. நச்சுச் சரக்குள்ள கப்பலை இழுக்கும் கேப்டனுக்கு இன்று எடைபோட வேண்டியவை பார்க்கருக்கு இருந்ததைவிட அதிகம்.

மூன்றாவது கேள்வி எஞ்சுகிறது. 1953-ல் சோரிமா என்ற இத்தாலிய மீட்பு நிறுவனம் மூழ்கிய ஃப்ளையிங் என்டர்பிரைஸிலிருந்து சரக்கின் ஒரு பகுதியை எடுத்தது. 1930-களில் எஜிப்ட் என்ற கப்பலின் தங்கத்தை ஆழ்கடலிலிருந்து எடுத்துப் பெயர் பெற்ற நிறுவனம் அது. சுமார் 8,00,000 டாலர் மதிப்புள்ள சரக்கில் 2,10,000 டாலர் மதிப்புள்ளது மீண்டதாகக் கணக்கு. கச்சா இரும்புக்கும் காபிக்கும் இவ்வளவு பாடா என்று சந்தேகம் எழுந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த டேனிஷ் ஆவணப்படம் ஒன்று, கப்பலில் சிர்க்கோனியம் இருந்தது, அது அமெரிக்காவின் முதல் அணுநீர்மூழ்கியான நாட்டிலஸுக்குப் போய்க்கொண்டிருந்தது என்ற கருத்தை முன்வைத்தது. போர்க்கப்பல்கள் காவல் நின்றதும் கேப்டன் இறங்காததும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன.

சிர்க்கோனியம் அந்த அளவு மதிப்புடையது என்பது உண்மை. அணு உலையில் எரிபொருளை உறையிட்டுக் காக்கும் உலோகம், வெப்பத்தையும் நீரின் அரிப்பையும் தாங்க வேண்டும், அதோடு நியூட்ரான்களை விழுங்காமல் விட வேண்டும். சிர்க்கோனியம் மூன்றையும் செய்கிறது. ஆனால் இயற்கையில் அது ஹாஃப்னியத்தோடு கலந்தே கிடைக்கிறது. ஹாஃப்னியம் சிர்க்கோனியத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாக நியூட்ரான்களை உறிஞ்சும். வேதியியலில் இரண்டும் இரட்டையர் போன்றவை என்பதால் பிரிப்பது கடினம். தூத்துக்குடி மாவட்டத்தின் பழையகாயலில் இந்திய அணுசக்தித் துறை சிர்க்கோனிய வளாகம் ஒன்றை நடத்துவது இந்தத் தேவைக்காகவே.

1951-ல் இந்த உலோகம் கிடைப்பதற்கு அரியது, ராணுவ முக்கியத்துவம் உள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் லக்சம்பர்க்கில் பிறந்த வில்லியம் க்ரோல் வகுத்த முறையில் அமெரிக்கச் சுரங்கத் துறை ஓரிகனின் ஆல்பனியில் அதை அப்போதே தயாரித்துக்கொண்டிருந்தது. ஹாஃப்னியத்தை நீக்கும் முறையும் அமெரிக்காவிலேயே வளர்ந்தது. நாட்டிலஸின் அடித்தளம் 1952 ஜூன் 14 அன்றுதான் இடப்பட்டது. ஹாம்பர்க்கிலிருந்து சிர்க்கோனியம் போயிருக்கவே முடியாது என்று இதனால் சொல்ல முடியாது. நாட்டிலஸ் அதை நம்பி நின்றது என்ற வாதம் மட்டும் வலுவிழக்கிறது. போர்க்கப்பல் காவலும் சான்றாகாது. அமெரிக்கக் கொடி ஏந்திய கப்பலில் ஒரு கேப்டன் தனியாக உயிர் ஊசலாட நிற்க, உலகப் பத்திரிகைகள் கவனித்துக்கொண்டிருந்தபோது, கடற்படை ஒரு கப்பலை அனுப்பாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

கார்ல்சனுக்கு நியூயார்க்கில் ஜனவரி 17 அன்று பெரும் வரவேற்பு ஊர்வலம் நடந்தது. தன் கதையைத் திரைப்படமாக்க வந்த பெருந்தொகைகளை அவர் மறுத்தார். பின்னர் அதே நிறுவனத்தின் ஃப்ளையிங் என்டர்பிரைஸ் II கப்பலில் கேப்டனாகக் கடலுக்குத் திரும்பினார். 2001-ல் பிரிட்டிஷ் ஆழ்கடல் முக்குளிப்போர் மூழ்கிய கப்பலைப் பார்த்தார்கள். 84 மீட்டர் ஆழத்தில் அது இடப்பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது.

சரக்கறையில் ரகசியம் இருந்ததா என்பதற்கு ஹாம்பர்க்கின் ஏற்றுமதிப் பட்டியலும் சோரிமாவின் மீட்புக் குறிப்பேடுகளும்தான் விடை சொல்ல வேண்டும். கேப்டன் இறங்காததையும் போர்க்கப்பல் நின்றதையும் அதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆளில்லாத, இயந்திரம் நின்ற கப்பலில் இழுவடம் பூட்ட முடியாது. கார்ல்சன் தங்கியதற்கு அந்த ஒரு காரணமே போதும்.